இருபத்து நான்காம் போர்ட்டின் பதவி உயர்வு

எங்கள் நிலையத்தில் ஒரு துளைக்குக்கூடப் பதவி உண்டு. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால், இவன் கோபத்தில் கதை கட்டிவிடுகிறான் என்பீர்கள். கோபம் இருப்பது உண்மை. கட்டிவிடும் அளவுக்கு எனக்குக் கற்பனை கிடையாது. இருந்திருந்தால் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

நிலையம் என்றால் அவசர உதவித் தொலைபேசி நிலையம். யாராவது மயங்கி விழுந்தாலோ, மாடிப்படியில் உருண்டாலோ வீட்டில் உள்ளவர்கள் எங்கள் எண்ணை அழுத்துவார்கள். மணி எங்கள் அழைப்பு அறையில் அடிக்கும். அங்கே எட்டு மேசை, எட்டுப் பேர். முகவரியைக் கேட்டு எழுதி ஆம்புலன்ஸை அனுப்புவார்கள். நிலையத்தின் வேலை இவ்வளவுதான். இதைச் செய்வதற்கு எட்டுப் பேர். அவர்கள் செய்கிறார்களா என்று பார்ப்பதற்கு இரண்டு மாடி நிறைய அதிகாரிகள்.

நான் நெட்வொர்க் டெக்னீஷியன். கட்டடத்தின் எல்லாக் கேபிள்களும் ஒரு சின்ன அறையில் வந்து, இருபத்து நான்கு துளைகள் உள்ள ஒரு தகரப் பெட்டியில் முடிகின்றன. பெட்டியின் பெயர் சுவிட்ச். துளைகளின் பெயர் போர்ட். எந்தக் கேபிளை எந்தப் போர்ட்டில் செருகினாலும் பெட்டிக்கு ஒன்றுதான். பெட்டிக்கு மானம் மரியாதை கிடையாது. எங்கள் அலுவலகத்துக்கு உண்டு. அதனால் ஒன்றாம் போர்ட் இயக்குநருக்கு. இரண்டு இணை இயக்குநருக்கு. இப்படியே இறங்கி வந்து, ஏழில் கிடங்கு அதிகாரி, இருபத்திரண்டில் காவல் கேமராக்கள், இருபத்து மூன்றில் அழைப்பு அறை மொத்தமும். அதற்குக் கீழே ஆள் கிடைக்காததால் இருபத்து நான்கு காலி. யாராவது ஓய்வு பெற்றால் அவருக்குக் கீழே இருப்பவரின் கேபிளை நான் ஒரு துளை மேலே மாற்றிச் செருக வேண்டும். அப்போது பத்துப் பேர் கதவருகில் நின்று கை தட்டுவார்கள்.

இந்த ஏற்பாட்டைக் கட்டிக் காப்பவர் பணிமூப்புப் பிரிவின் சூப்பிரண்டென்ட். நாங்கள் அவரை ‘வரிசையார்’ என்போம். “தண்ணி மேலேருந்து கீழ வரணும் தம்பி. ஒயரும் அப்படித்தான்” என்பது அவருடைய மின்சார அறிவு.

இனி என் அக்கா. அழைப்பு அறையின் மூன்றாம் மேசை அவளுடையது. ஒவ்வோர் அழைப்பும் எப்படி முடிந்தது என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். அதற்குக் கட்டங்கள் உண்டு: ஆம்புலன்ஸ் அனுப்பப்பட்டது, தவறான எண், விளையாட்டு அழைப்பு, அழைத்தவர் துண்டித்தார். நம் பக்கத்தில் லைன் அறுந்தால் குறிக்கக் கட்டம் இல்லை. நம் பக்கத்தில் அறுவதில்லை என்று இருபது வருடத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் சில மாதங்களாகத் தினமும் பதினோரு மணிக்கு மேல் அழைப்புகள் நடுவாக்கியத்தில் அறுந்துகொண்டிருந்தன. மற்ற ஏழு பேரும் ‘அழைத்தவர் துண்டித்தார்’ என்று டிக் போட்டுவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தார்கள். அக்கா மட்டும் கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில், ‘நம் பக்கம் அறுந்தது’ என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

தலைமையகத்தில் ஒரு இயந்திரம் அறுந்த அழைப்புகளைத் தானாக எண்ணும். யாருடைய மேசையில் அறுந்தது என்று அதற்குத் தெரியாது. எத்தனை என்று மட்டும் தெரியும். போன மாதம் நாற்பத்தொன்று. ஏன் என்று கேட்டுக் கடிதம் வந்தது. இயக்குநர் எட்டுப் பதிவேடுகளையும் வரவழைத்தார். ஏழில் ஒரு அறுபடலும் இல்லை. ஒன்றில் ஒன்பது. குற்றவாளி அகப்பட்டுவிட்டாள். ஒன்பதை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டவர் மற்ற முப்பத்திரண்டையும் செய்திருப்பார் என்று கொள்ள இடமிருப்பதால், ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று அக்காவுக்குக் குறிப்பாணை வந்தது. பன்னிரண்டு நாளில் விசாரணை.

அன்று சாயங்காலம் அக்கா குறிப்பாணையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். அத்தான் தையல்காரர். வாசித்துவிட்டு, “மத்த ஏழு பேரு மாதிரி நீயும் டிக் போட்டிருக்கலாம்ல?” என்றார்.

“அவங்க கட் பண்ணலியே. கட் பண்ணாதவங்களை கட் பண்ணாங்கன்னு எப்படி எழுதறது?” என்றாள் அக்கா. பிறகு என்னிடம் திரும்பினாள். “வேலை கெடக்கட்டும்டா. இன்னிக்குக் காலைல ஒரு பொண்ணு. சின்னக் குரல். ‘அம்மா எந்திரிக்க மாட்டேங்கறாங்க, எங்க வீடு’ன்னா. ‘எங்க வீடு’ங்கறதோட போச்சு. திருப்பித் திருப்பிக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கல.”

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. அறுந்த ஒவ்வோர் அழைப்பிலும் கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தைகளை வீட்டுக்கு வந்து அதில் எழுதி வைப்பாள். அலுவலகம் கேட்டதல்ல. அன்றைய பக்கத்தில் ‘எங்க வீடு’ என்று எழுதித் தேதி போட்டாள்.

“அக்கா, அது லைன் கோளாறு. நம்ம வெளி லைன் ரொம்பக் குறுகல். பதினோரு மணிக்கு யாரோ அதை அடைக்கறாங்க. யாருன்னு கண்ணால பாத்துட்டா உன் மேல பழி நிக்காது. ரெண்டு வரி வேலை.”

“ரெண்டு வரின்னா எவ்வளவு நேரம் மாப்ள?” என்றார் அத்தான்.

“நாப்பது செகண்டு.”

“அப்போ நாளைக்கே முடிஞ்சுடும்” என்றார். வெளி உலகத்தில் வேலை செய்பவர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை உண்டு.

அந்த இரண்டு வரி என்னவென்றால் இதுதான். ‘வெளி லைனில் போவது வருவது எல்லாவற்றையும் பார்’ என்று சுவிட்சுக்கு ஒரு வரி. ‘அதன் நகலை இருபத்து நான்காம் போர்ட்டுக்குக் கொடு’ என்று இன்னொரு வரி. அந்தப் போர்ட்டில் என் மடிக்கணினியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், எது எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். இப்படிக் கண்காணிப்புக்கு விட்ட போர்ட் அதன் பிறகு வேறெதற்கும் உதவாது. வருவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். யாருக்கும் பதில் சொல்லாது. அதில் எந்த வேலையும் நடக்காது. அதிகாரியாவதற்கான தகுதி அதற்கு அப்போதே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தோன்றவில்லை.

மறுநாள் காலை விண்ணப்பத்தோடு வரிசையார் முன் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

“இருபத்து நாலு வெளி லைனைப் பாக்குமா?”

“ஆமா சார். பத்து நிமிஷம் போதும்.”

“வெளி லைன்ல டைரக்டரோடதும் போகுமே?”

“எல்லாருதும் போகும் சார்.”

“அப்போ இருபத்து நாலு ஒண்ணைப் பாக்கும்.” பேனாவை மூடினார். “தம்பி, கடைசி போர்ட்டு முதல் போர்ட்டைப் பாக்கறதா? மேல இருக்கறவங்க கீழ பாக்கலாம். அது மேற்பார்வை. கீழ இருக்கறவன் மேல பாத்தா அதுக்குப் பேரு வேற.”

“அது வெறும் ஓட்டை சார்.”

“நானும்தான் நாப்பது வருஷத்துக்கு முன்னாடி வெறும் ஆளா வந்தேன்” என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அக்காவின் விசாரணையைச் சொன்னேன். கல்லில் நார் உரிக்கிற மாதிரி முக்கால் மணி நேரம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. யோசித்தார். அவர் யோசித்தால் இன்னும் மோசம் என்பது பிறகுதான் தெரிந்தது.

“ஒரே வழிதான் இருக்கு” என்றார் கடைசியில். “இருபத்து நாலுக்குப் பதவி உயர்வு குடுத்துடலாம். பொறுப்பு இணை இயக்குநர் அந்தஸ்து. டைரக்டரே கையெழுத்துப் போட்டா, அப்புறம் அது யாரை வேணும்னாலும் பாக்கலாம்.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மணியடித்துப் புதுக் கோப்பு அட்டை கொண்டுவரச் சொன்னார்.

கோப்பு கிளம்பியது. பதவி உயர்வுக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்று முதல் நாளே திரும்பி வந்தது. போர்ட்டில் சோதனைக் கருவியைச் செருகி, பச்சை விளக்கு எரிகிறது, பார்வை நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தேன். கடந்த ஐந்து வருட நடத்தை அறிக்கை வேண்டும் என்றார்கள். காலியாகவே இருந்தது என்று எழுதினேன். ‘இதுவரை எந்தப் புகாரும் இல்லை, மிக நன்று’ என்று குறித்து மேலே அனுப்பினார்கள்.

அடுத்து ஆட்சேபணைகள். காலியாகக் கிடந்த போர்ட் தங்களைத் தாண்டிப் போவது அநியாயம் என்று பத்தொன்பது அதிகாரிகள் எழுதிக் கொடுத்தார்கள். கிடங்கு அதிகாரி சுவிட்ச் அறைக்கே வந்துவிட்டார். “பதினெட்டு வருஷமா ஏழுலயே கெடக்கறேன். நேத்து வரைக்கும் தூசி புடிச்சுக் கெடந்த ஓட்டை, இன்னிக்கு ரெண்டுக்குச் சமமா? அதுக்கு என்ன தெரியும்? என்ன படிச்சிருக்கு?” என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார். பெட்டி பதில் சொல்லவில்லை. “பாத்தியா, இப்பவே திமிரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரிசையார் ஒரு சுற்றறிக்கை விட்டார். இருபத்து நான்காம் போர்ட்டுக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. அது எந்தப் பணியையும் செய்யாது. பார்வையிட மட்டுமே செய்யும். ஆகவே பிற அதிகாரிகளின் நிலை பாதிக்கப்படாது என்றது சுற்றறிக்கை. தங்களுடைய பணி விவரமும் அதுவேதான் என்பதால், இனம் இனத்தோடு சேர்ந்தது என்று பத்தொன்பது பேரும் சமாதானமானார்கள். இதற்குள் எட்டு நாள் போய்விட்டது. அழைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன. அக்காவின் நோட்டில் இன்னும் மூன்று வரி ஏறியிருந்தது.

ஒன்பதாம் நாள் பொறுப்பேற்பு. அதிகாரிகளுக்குரிய நீலக் கேபிள் வாங்கி, சின்னப் பெயர்ப்பலகை ஒட்டினார்கள். சுவிட்ச் அறை கொள்ளாத கூட்டம் கூடியது. இயக்குநர் வந்தார். கனத்த உடம்பு, மெல்லிய குரல். அவர் பேசினால் எல்லோரும் குனிந்து கேட்க வேண்டியிருக்கும். அதற்காகவே மெதுவாகப் பேசுகிறார் என்பார்கள்.

“கண்காணிப்புதான் ஒரு நிறுவனத்துக்கு உயிர்” என்று ஆரம்பித்தார். “வேலை யாரு வேணாலும் செய்யலாம். பாக்கறதுக்குத்தான் ஆள் வேணும். நான் என்ன பண்றேன்? தினமும் பதினோரு மணிக்கு டிவியப் போட்டு, அழைப்பு அறையோட பன்னிரண்டு கேமராவையும் ஒண்ணாத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்கார்றேன். கண்ணு எடுக்கறதில்ல. என்ன பாக்கறேன்? எட்டுப் பேரும் போன்ல குனிஞ்சு கெடக்கறாங்க. ஒருத்தராவது நிமிர்ந்து கேமராவப் பாக்கணுமே! மேல ஒருத்தர் பாத்துக்கிட்டிருக்காரேங்கற மரியாதை இருக்கா? யாரோ எங்கயோ கத்தறாங்கன்னா, அவங்க சொல்றதயே கேட்டுக்கிட்டிருக்காங்க. அதுலயும் மூணாவது மேசைல ஒரு அம்மா, திடீர்னு எந்திரிச்சு நின்னு ‘ஹலோ, ஹலோ’ன்னு கத்தறாங்க. ஒழுங்கு இல்ல. அதான் கால் கட் ஆகுது.”

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாதியில் என் கை நின்றது. தினமும் பதினோரு மணிக்கு.

கூட்டம் கலைந்ததும் இரண்டு வரியையும் எழுதினேன். நாற்பது விநாடி ஆனது. மறுநாள் பதினோரு மணிக்குப் பெட்டி முன் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் வரை வெளி லைனில் அழைப்புகள் மட்டும் நிதானமாகப் போய் வந்துகொண்டிருந்தன. பதினொன்று பத்துக்கு வெள்ளம் வந்தது. பன்னிரண்டு கேமராக்களின் படமும் இருபத்திரண்டாம் போர்ட்டிலிருந்து கிளம்பி, குறுகலான வெளி லைன் வழியாகத் தலைமையகத்துப் பதிவுப் பெட்டிக்குப் போய், அதே லைன் வழியாகத் திரும்பி வந்து, ஒன்றாம் போர்ட்டில் நுழைந்தன. அழைப்பு அறைக்கும் இயக்குநர் அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்ட, படம் ஊரைச் சுற்றி வந்தது. அதற்கு வழிவிட்டு நசுங்கியவை மூன்று அழைப்புகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக நின்றன. கடுகு போன இடம் ஆராய்கிறவருக்கு, பூசணிக்காய் தன் மடியிலேயே இருப்பது தெரியவில்லை.

கேமராவை நிறுத்த எனக்கு அதிகாரமில்லை. அது பாதுகாப்புப் பிரிவின் சொத்து. தலைமையகத்துக்கு எழுதினேன். உரிய வழியாக, அதாவது இயக்குநர் மூலமாக எழுதும்படி அன்றே பதில் வந்தது. அவர்கள் இவ்வளவு வேகமாகப் பதில் போட்டு நான் பார்த்ததில்லை. இரண்டு நாள் பார்த்ததை அச்சடித்து எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன்.

விசாரணை பதினோரு மணிக்கு, இயக்குநர் அறையில். குற்றம் சாட்டியவர், விசாரிப்பவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் இயக்குநரே, ஆள் பற்றாக்குறை. வரிசையார் குறிப்பெடுத்தார். விசாரணையின் கௌரவத்தை முன்னிட்டு டிவியை அணைத்திருந்தார்கள். அக்கா மடியில் நோட்டை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

நான் அச்சடித்த தாள்களை நீட்டினேன். வரிசையார் கை நீட்டித் தடுத்தார்.

“இதைப் பாத்தது யாரு?”

“இருபத்து நாலு சார். நீங்கதான் உயர்த்தினீங்க.”

“பொறுப்புல இருக்கற அதிகாரி, நிரந்தர அதிகாரியப் பத்திச் சாட்சி சொல்ல முடியாது. விதி இருக்கு. அது பாக்கலாம். பாத்ததைச் சொல்லக் கூடாது.” தாள்களை உறையில் போட்டு, ரகசியம் என்று முத்திரை குத்தி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அக்கா பேசினாள். “சார், நான் கட் பண்ணல. அறுந்ததை அறுந்ததுன்னு எழுதினேன். அது தப்புன்னா, அந்த ஃபாரத்துல ஒரு கட்டம் போட்டுக் குடுங்க, அதுல எழுதறேன்.”

இயக்குநர் அவளைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்தைந்து. ஏதோ தோன்றியவராக இன்டர்காமை எடுத்து அழைப்பு அறையோடு பேசினார். “பதினோரு மணிலேருந்து எத்தனை கட் ஆச்சு?” கேட்டுவிட்டு வைத்தார். முகம் மலர்ந்தது.

“ஒண்ணு கூட இல்லயாம். எல்லாரும் குறிச்சுக்குங்க. அந்தம்மா இங்க இருக்காங்க, அங்க கட் ஆகல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“சார், டிவி ஆஃப்ல இருக்கு சார்” என்றேன். என்னை அறியாமல் எழுந்து நின்றிருந்தேன். “அதனாலதான் சார்.”

இயக்குநர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “தம்பி, டிவி ஆஃப்ல இருந்தா கண்காணிப்பு இல்ல. கண்காணிப்பு இல்லாதப்பவே ஒழுங்கா நடந்திருக்குன்னா, அந்த அம்மா இல்லாதது எவ்வளவு பெரிய நன்மைன்னு பாரு.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து விசாரித்தார்கள்.

“ஆனா நான் நியாயஸ்தன்” என்றார் இயக்குநர். “பதினஞ்சு நாள் அந்தம்மா வீட்ல இருக்கட்டும். அப்பவும் கட் ஆனா, அவங்க மேல தப்பில்ல. மறுபடி வந்து உக்காரலாம். நானே எழுதித் தர்றேன். ஒண்ணு கூட ஆகலன்னா, தப்பு யாருதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். தலைமையகத்து மெஷின் எண்ணட்டும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். நாளை டிவி மறுபடி எரியும். அழைப்புகள் அறும். மெஷின் எண்ணும். அக்கா திரும்பி வருவாள். நான் எதுவும் செய்யாமலிருந்தால் போதும். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைவிடச் சுலபமான வேலை உண்டா?

எழுந்து போகும்போது இயக்குநர் கூப்பிட்டார்.

“நீ இரு. அந்த இருபத்து நாலு எல்லாத்தையும் பாக்குதாமே? யாரு எதை அனுப்பறாங்க, வாங்கறாங்க, எல்லாம்?”

“ஆமா சார்.”

“இந்த நிலையத்துல என்னைவிட அதிகமா பாக்கற போர்ட் ஒண்ணு இருக்கலாமா? அதையெல்லாம் என் போர்ட்டுக்குத் திருப்பிடு.”

“அதுக்குக் கோப்பு வேணாமா சார்?” என்று வரிசையாரைப் பார்த்தேன்.

“மேலேருந்து வர்றதுக்குக் கோப்பு எதுக்கு?” என்றார் அவர்.

சுவிட்ச் அறைக்குப் போய்ப் பெட்டியின் முன் வெகுநேரம் நின்றேன். ஒன்றாம் போர்ட்டைக் கண்காணிப்புக்கு விட்டால், அது பார்க்க மட்டும் செய்யும். அதன் வழியாக டிவி படம் கேட்க முடியாது. படம் கிளம்பாது. வெளி லைன் காலியாக இருக்கும். ஓர் அழைப்பும் அறாது. ஓர் அழைப்பும் அறாவிட்டால் அக்காவுக்கு வேலை போகும்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அத்தான் தையல் இயந்திரத்தை நிறுத்தினார். “இதுல யோசிக்க என்ன இருக்கு? பதினஞ்சு நாள் இழுத்தடி. ஒரு ஓட்டையை உயர்த்த எட்டு நாள் எடுத்தவங்கதானே அவங்க? லேபிள் வரலன்னு சொல்லு. உடம்பு சரியில்லன்னு லீவு போடு.”

“நானும் அதைத்தான் நினைச்சேன்” என்றேன்.

அக்கா நோட்டைப் பிரித்து வைத்திருந்தாள். “மாசத்துக்கு நாப்பத்தொண்ணு. பதினஞ்சு நாளைக்கு எத்தனைடா?”

“இருபது. இருபத்தொண்ணு.”

“அந்த இருபது பேரும் கட் ஆனாத்தான் எனக்கு வேலை.”

“நீ கட் பண்ணலியேக்கா. அந்தாளு பண்றான்.”

“இதுவரைக்கும் அவரு பண்ணாரு. தெரியாமப் பண்ணாரு. இனிமே நமக்குத் தெரியும்ல?” என்றாள். “இருபதுல ஒருத்தி ‘எங்க வீடு’ன்னு சொல்லுவா. நான் இங்க உக்காந்துக்கிட்டு, ஆ, இன்னிக்கு ரெண்டு, நேத்து ஒண்ணுன்னு எண்ணிக்கிட்டிருக்கணுமா? போய்ப் போட்டுத் தொலைடா அந்த ரெண்டு வரிய.”

எனக்கு அழுகை வந்தது. அவள் மேல் கோபமும் வந்தது. அத்தான் இயந்திரத்தை மிதித்தார். ஊசியில் நூல் இல்லை. கவனிக்காமலே மிதித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு இரண்டு வரியையும் மாற்றி எழுதினேன். ஒன்றாம் போர்ட்டின் பச்சை விளக்கு ஆரஞ்சாக மாறியது. பதினொன்று பத்துக்கு எதிர்பார்த்தபடி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இயக்குநர் அறையில் டிவி நீலமாக வெறித்துக்கொண்டிருந்தது.

“படம் எங்க?”

“சார், படம் வேடிக்கை பாக்கறவங்களுக்கு. இப்ப நீங்க முழுக் கண்காணிப்புல இருக்கீங்க. எல்லாம் வந்துக்கிட்டே இருக்கு. இங்கேருந்து ஒண்ணும் வெளிய போகாது. அவ்வளவு பாதுகாப்பு.”

இதில் ஒரு பொய்யும் இல்லை. சுவிட்சின் நிலைப் பட்டியலை அச்சடித்துக் காட்டினேன். மற்ற போர்ட்டுகளுக்கு நேராக ‘இணைப்பில்’ அல்லது ‘காலி’ என்றும், ஒன்றுக்கு நேராக மட்டும் ‘கண்காணிக்கிறது’ என்றும் இருந்தது. ஆரஞ்சு விளக்கு அவருக்கு மட்டும்தான் என்றும் சொன்னேன். அந்தத் தாளை அவர் சட்டம் போட்டு மாட்டினார். அவருடைய கணினியும் அன்றே செத்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. அவருக்கு வரும் கடிதங்களை அடுத்த அறையில் உதவியாளர்தான் திறந்து அச்சடித்துக் கொடுப்பார். தினமும் பதினோரு மணிக்கு அவர் நீலத்திரையின் முன் ஒரு மணி நேரம் கண் எடுக்காமல் உட்கார்ந்தார். வருகிறவர்களிடம், “எல்லாம் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

நான் தினமும் பதினோரு மணிக்கு அழைப்பு அறைக்குப் போய் நின்றேன். மூன்றாம் மேசை காலி. மற்ற ஏழு பேரும் முகவரியைக் கடைசி வரை கேட்டு எழுதினார்கள். கதவு எண், எதிரே என்ன கடை, எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா. இவ்வளவையும் ஒருவர் சொல்லி முடிப்பதை நான் அங்கே அதற்கு முன் கேட்டதில்லை. நாலாவது மேசைக்காரம்மா ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்காகிட்ட சொல்லு” என்றாள். அதற்குள் மணி அடித்தது. போய் எடுத்தாள்.

பதினைந்து நாள் முடிந்தது. தலைமையகத்து மெஷின் பூஜ்யம் காட்டியது. இயக்குநருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. எல்லா நிலையங்களிலும் அவர் முறையைப் பின்பற்றும்படி ஆணையும் வந்தது. இருபத்து நான்கு இன்னும் பொறுப்பு இணை இயக்குநர். அதில் எதுவும் செருகியில்லை. வரிசையார் என்னை அழைத்து ஒரு சான்றிதழை நீட்டினார். குறிப்பிட்ட பதினைந்து நாட்களில் அழைப்பு எதுவும் அறவில்லை என்று தொழில்நுட்பப் பிரிவு உறுதி செய்ய வேண்டுமாம். தொழில்நுட்பப் பிரிவு என்றால் நான்தான். மெஷின் கொடுத்த எண்ணை எடுத்து ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்தேன். ஒன்றாவது கிடைக்காதா என்று தேடவில்லை என்று சொன்னால் பொய். கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

பணிநீக்க ஆணையை நானே வீட்டுக்கு எடுத்துப் போனேன். அக்கா நின்றுகொண்டே வாசித்தாள். “‘மேற்படியார் விலக்கி வைக்கப்பட்ட நாள் முதல் ஓர் அழைப்புகூட அறுபடவில்லை என்பதே இவரது குற்றத்துக்குப் போதிய சான்றாகும்.’” தாளைத் திருப்பினாள். “பின்னாடி சான்றிதழ்ல கையெழுத்து உன்னுதா?”

“ஆமாக்கா.”

“நெசமாவே ஒண்ணு கூட இல்லையா? இல்ல, அவங்கள மாதிரி டிக் போட்டுட்டியா?”

“எண்ணிப் பாத்துட்டுத்தான் போட்டேன். ஒண்ணு கூட இல்லக்கா.”

அவள் நோட்டை எடுத்துக் கடைசியாக எழுதியிருந்த வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். கீழே அன்றைய தேதி. அதற்குக் கீழே தன் கையெழுத்து. பதிவேட்டை முடிக்கும்போது அலுவலகத்தில் அப்படித்தான் செய்வாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

“நீயும் போடு. பாத்தவன் நீதானே.”

பக்கம் நிறைந்திருந்தது. “எங்கக்கா போடறது?” என்றேன்.

“ஓரத்துலதான். நமக்கு எங்க கட்டம் போட்டாங்க?”